சீனிக்குப் பழகிய நாக்கு

மலேசியாவின் கோலா குபு பாரு, கெர்லிங், களும்பாங் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவப் போனவர்களுக்கு டின் பால் ஊற்றிய தேத்தண்ணிதான் முதல் தெம்பு. நிரை நிரையாக நடந்த உடல் அந்தச் சீனியை எரித்துவிட்டது. தோட்டம் விட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வந்தபின் நடை குறைந்தது, இனிப்பு குறையவில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை அளவுக்கு மேல் இருக்கிறது. இந்தியர்களான நம் சமூகத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

மூக்கு செய்யும் வேலை

சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். மெல்லும்போது உணவின் மணம் தொண்டை வழியாக மூக்கை எட்டுகிறது. பசித்த வேளையில் மூக்கு கூர்மையாகிறது. எடையிலும் மணத்துக்குப் பங்கு இருக்கலாம்: 2017இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில எலிகளின் மோப்பத் திறனை நீக்கினார்கள். மற்ற எலிகளுக்குக் கொடுத்த அதே கொழுப்பு உணவைத் தின்றும் அவற்றின் எடை குறைவாகவே கூடியது.

பருமன் நாக்கை மந்தமாக்கும்

நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள உயிரணுக்கள் ஏறத்தாழ பத்து நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. 2018இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், எட்டு வாரம் கொழுப்பு உணவு தின்று பருத்த எலிகளின் சுவை மொட்டுகள் சுமார் 25 விழுக்காடு குறைந்தன. பருமனால் உடலில் உண்டாகும் அழற்சியே காரணம். மனிதரிலும் இப்படி நேர்ந்தால், சுவை மங்க மங்க இனிப்பும் எண்ணெயும் கூடுதலாகத் தேவைப்படும். எடை மேலும் ஏறும்.

நாக்கைத் திருத்தலாம்

அமெரிக்காவின் மோனெல் மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சீனியைக் குறைத்து உண்டவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் அதே பண்டம், சீனியைக் குறைக்காதவர்களைவிட அதிகமாக இனித்தது. ஆகவே சில மாதம் பொறுத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

* வீட்டுத் தேத்தண்ணியில் சீனியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கடையில் முதலில் 'குராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக), பிறகு 'கோசோங்' (சீனி இல்லாமல்) என்று கேளுங்கள்.
* சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
* இஞ்சி, ஏலக்காய், கறிவேப்பிலையின் மணம் சீனி, எண்ணெய் குறைந்த உணவையும் ருசிக்க வைக்கும்.
* மெதுவாக மென்று சாப்பிடுங்கள். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சற்று நேரமாகும்.

இடுப்பை அளந்து பாருங்கள்

ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர்: இடுப்புச் சுற்றளவு இதற்கு மேல் போனால் அருகிலுள்ள அரசு கிளினிக்கில் இரத்தத்தில் சீனி அளவையும் இரத்த அழுத்தத்தையும் சோதியுங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றவேண்டும். நோயாளிக்கு மட்டும் தனித் தேத்தண்ணி போடாதீர்கள். வீடே சேர்ந்து குறைத்தால், பிள்ளைகளின் நாக்கு இளமையிலேயே குறைந்த இனிப்புக்குப் பழகிவிடும்.