மானிப்பாய் அச்சுக்காரர்கள்

1820-இல் ஜேம்ஸ் காரெட் என்ற அமெரிக்கர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர் வந்தது பிரசங்கம் செய்ய அல்ல, அச்சடிக்க. அமெரிக்க மிஷன் 1816-இல் தெல்லிப்பழையிலும் அதைத் தொடர்ந்து வட்டுக்கோட்டையிலும் வேலையைத் தொடங்கியிருந்தது. அதற்குத் தேவைப்பட்டது அச்சுத் தொழில் தெரிந்த ஓர் ஆள். ஆனால் இனி அமெரிக்கர்கள் கூடுதலாக வரக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டது. காரெட்டுக்கு வெளியேறும் உத்தரவு வந்தது. பாக் நீரிணையைக் கடந்து இந்தியக் கரைக்கு வந்த அவர், பம்பாய் போய் அங்கிருந்த மிஷன் அச்சகத்தில் வேலை பார்த்தார். 1831-இல் அங்கேயே காலமானார். தமிழுக்காகப் புறப்பட்டு வந்த அந்தக் கைகளால் தமிழை அச்சிடவே முடியவில்லை.

எங்கள் இராமநாதபுரம் பக்கத்துக் கடலாடி, ஏர்வாடி, கீழக்கரை வட்டாரத்து மக்களுக்கு இலங்கை ஒருநாளும் தூர தேசமாக இருந்ததில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர்தான். முத்துக்குளிப்பும் வியாபாரமும் கோயில் யாத்திரையும் இரண்டு கரைகளையும் ஒன்றாகவே வைத்திருந்தன. அதனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பின்னர் எழுந்த அச்சகத்தின் கதையை நம் கரையின் கதையாகவும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ் அச்சு என்றதும் தரங்கம்பாடியையும் சென்னையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். நீரிணைக்கு அப்பால், தலைநகரங்களுக்கெல்லாம் வெகு தூரத்தில், ஒரு பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியவர்களை யாரும் பேசுவதில்லை.

1833-இல் அரசின் தடை நீங்கியது. அந்த ஆண்டே ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர் என்ற அச்சாளர் கப்பலேறி வந்தார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் அவர் பொறுப்பில் வளர்ந்தது.

அந்த நாளில் ஒரு பக்கம் அச்சாவது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈய எழுத்துகள் அறை அறையாகப் பிரித்த மரத்தட்டில் கிடக்கும். கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி, கையிலிருக்கும் கோப்புச் சட்டத்தில் தலைகீழாக அடுக்குவார். தமிழுக்கு இதில் பாடு அதிகம். கொம்பு தனி, கால் தனி. உகர, ஊகார எழுத்துகள் பலவற்றுக்கு வார்ப்பே தனி. ணா, றா, னா ஆகியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் அப்போது வேறு வடிவத்தில் இருந்தன. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யும் வரை ஒவ்வொன்றுக்கும் தட்டில் ஓர் அறை வேண்டியிருந்தது. பக்கம் முடிந்ததும் இரும்புச் சட்டத்தில் இறுக்கி, மை தடவி, ஈரமாக்கிய தாளை வைத்து ஒருவர் கைப்பிடியை இழுப்பார். ஒரு தாளுக்கு ஓர் இழுப்பு. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். அப்போதுதான் அடுத்த பக்கத்துக்கு எழுத்துக் கிடைக்கும். அறை மாறி விழுந்த ஓர் எழுத்து மறுநாள் பிழையாக வந்து நிற்கும். ஆசிரியரின் அறிவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது வாசகரிடம் போய்ச் சேர்ந்தது இந்த விரல்கள் வழியாகத்தான்.

1841 ஜனவரி 7 அன்று மானிப்பாய் அச்சகத்திலிருந்து ‘உதயதாரகை’யின் முதல் இதழ் வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ்ச் செய்தித்தாள் அது. தமிழும் ஆங்கிலமும் கலந்து மாதம் இருமுறை வந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் ஆசிரியர்கள். பெயர்கள்தான் அப்படி; இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். மதப் பிரசாரத்தோடு கல்வியும் அறிவியலும் பொதுச் செய்தியும் அதில் இடம்பெற்றன. பிற்காலத்தில் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய அர்னால்ட் சதாசிவம்பிள்ளையும் அதன் ஆசிரியராக இருந்தார்.

பத்திரிகை தொடங்கிய மறு வருடமே, 1842-இல், அதே அச்சகம் ‘யாழ்ப்பாண அகராதி’யை வெளியிட்டது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்தது. மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். 58,000-க்கும் மேற்பட்ட சொற்களை ஈயத்தில் ஒன்றொன்றாகக் கோத்திருக்கிறார்கள். பத்திரிகை வேலையையும் பார்த்துக்கொண்டே இதையும் முடித்தவர்களை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை எழுகிறது. அவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்த் தமிழர்கள். பின்னர் அச்சகமே உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் கைக்கு வந்தது.

மிஷன் காட்டிய வழியில் மிஷனை எதிர்த்தவரும் நடந்தார். பாதிரியார் பீட்டர் பெர்சிவலின் பள்ளியில் ஆசிரியராக இருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்த ஆறுமுக நாவலர், அந்த வேலையை விட்டு 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். அடுத்த வருடமே சென்னைக்குப் போய் அச்சு எந்திரத்தோடு திரும்பினார். பதிலுக்குப் பதில் சொல்ல மேடை மட்டும் போதாது, அச்சும் வேண்டும் என்பதை அவர் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்.

இங்கேதான் கதை இராமநாதபுரத்துக்கு வருகிறது. நாவலரின் பதிப்புப் பணிக்குப் பொருள் தந்து துணை நின்றவர் சேதுபதி அரச குடும்பத்துப் பொன்னுசாமித் தேவர். திருக்கோவையார் உரை, திருக்குறள் பரிமேலழகர் உரை ஆகிய நாவலர் பதிப்புகளுக்குப் பின்னால் அவருடைய ஆதரவு இருந்தது. அவருடைய மகன் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கத்துக்கென அச்சகமும் அமைந்தது. ‘செந்தமிழ்’ இதழும் பிறந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவரின் பழந்தமிழ்ப் பதிப்புகளுக்குக் கைகொடுத்த குடும்பம், ஒரு தலைமுறைக்குள் தானே இதழ் நடத்தியது.

இன்று நம் ஊர்களில் டிரெடில் மெஷின் வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்த அச்சகங்கள் மூடப்பட்டுவருகின்றன. ஈய எழுத்துகள் எடைக்குப் போகின்றன. பழைய நோட்டீசு, கொடைவிழாப் பாட்டுப் புத்தகம், உள்ளூர் இதழ் எதுவும் கையில் இருந்தால் தயவுசெய்து காயலான் கடையில் போடாதீர்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் இப்படிப்பட்ட தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுத் தமிழைத் தேடுகிறவர்கள் இன்றும் போய் உட்காருகிறார்கள்.