வெள்ளையா, மஞ்சளா? எந்த அறைக்கு எந்த பல்பு!

“வெளிச்சம் நல்லா இருக்கணும், வெள்ளை பல்பாவே கொடுங்க...” எலெக்ட்ரிகல் கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. ஹால், படுக்கையறை, பூஜையறை என எல்லா இடத்துக்கும் ஒரே வெள்ளை பல்பை டஜன் கணக்கில் வாங்கிச் செல்பவர்கள் பலர். எல்.இ.டி பல்பு சீக்கிரம் ஃப்யூஸ் ஆவதில்லை. நிறத்தைத் தவறாகத் தேர்வு செய்துவிட்டால், பல வருடங்கள் அந்த வெளிச்சத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

நிறம் வேறு, வெளிச்சம் வேறு

மஞ்சள் என்றாலே மங்கல் என்ற எண்ணம் குண்டு பல்பு காலத்தில் வந்தது. இன்று 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி தந்துவிடுகிறது. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது பெட்டியில் இருக்கும் ‘லூமன்’ எண். 9 வாட்ஸ் பல்பு என்றால் பெரும்பாலும் 800 முதல் 900 லூமன் வரை இருக்கும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இதில் சிறிய வித்தியாசம்தான். ஒரே வாட்ஸ் என்பதால் கரன்ட் பில்லும் மாறாது.

நிறத்தைச் சொல்வது ‘கெல்வின்’. உலையில் இரும்பு சூடாகும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெளுக்கும். இந்த அடிப்படையில்தான் ஒளியின் நிறத்துக்கு எண் கொடுக்கிறார்கள். 2,700 - 3,000 கெல்வின் என்றால் இதமான மஞ்சள் (வார்ம் வொயிட்). 4,000 என்றால் நடுத்தர வெள்ளை (நேச்சுரல் வொயிட்). 6,500 என்றால் லேசாக நீலம் கலந்த பளீர் வெள்ளை (கூல் டே லைட்).

எங்கே எது?

படுக்கையறை: வார்ம் வொயிட்தான் சரி. தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் ஹார்மோன் இரவில்தான் அதிகம் சுரக்கிறது. நீலம் கலந்த பளீர் ஒளி அதைக் குறைக்கும். படுத்தும் தூக்கம் வராதவர்கள், செல்போனோடு சேர்த்து பல்பையும் கவனிக்கலாம்.

சமையலறை: அரிசியில் கல், கீரையில் புழு, ரொட்டியில் பூஞ்சை எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். 4,000 கெல்வின் ஏற்றது. பல்பு முதுகுக்குப் பின்னால் இருந்தால், உங்கள் நிழலே காய் நறுக்கும் இடத்தில் விழும். மேடைக்கு மேலே ஒரு விளக்கு இருப்பது நல்லது.

பிள்ளைகள் படிக்கும் மேஜை: 4,000 கெல்வின் போதும். படுக்கும் நேரம் நெருங்கும்போது பளீர் வெள்ளையைத் தவிர்க்கலாம்.

ஹால்: வேலைக்கு ஒரு வெள்ளை, பேசிச் சிரித்து ஓய்வெடுக்க ஒரு மஞ்சள் எனத் தனித்தனி சுவிட்ச் வைக்கலாம். சுவிட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் ‘த்ரீ இன் ஒன்’ பல்புகளும் கிடைக்கின்றன.

பூஜையறை: குத்துவிளக்குச் சுடரும் மஞ்சள்தான். வார்ம் வொயிட் அதோடு ஒத்துப்போகும்.

முதியவர்கள் இருக்கும் வீடு: வயதாக ஆக, கண்ணுக்குள் போகும் ஒளி குறைகிறது. அவர்களுக்கு லூமன் அதிகமுள்ள பல்பு தேவை. மாத்திரை எடுக்கும் இடம், படிக்கட்டு, பாத்ரூம் வாசல் ஆகியவற்றில் வெளிச்சம் குறையக் கூடாது. இரவில் எழுந்து நடக்கும் வழியில், கண் கூசாத மஞ்சள் நைட் லேம்ப் எரியட்டும். தடுக்கி விழுவதைத் தவிர்க்க இது பெரிய உதவி.

நிஜ நிறம் தெரிய...

புடவைக் கடையில் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பார்களே... செயற்கை ஒளியில் நிறம் ஏமாற்றும் என்பதால்தான். ஒரு பல்பு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்வது ‘சி.ஆர்.ஐ’ எண். உச்ச அளவு 100. சாதாரண எல்.இ.டி-களில் 80 அளவில் இருக்கும். கண்ணாடி முன்பும், தையல் மெஷின் அருகிலும் 90 இருந்தால் சிறப்பு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிறந்த குழந்தையின் தோலில் மஞ்சள் காமாலை அறிகுறி இருக்கிறதா என்பதை பல்பு வெளிச்சத்தில் முடிவு செய்யக் கூடாது. மஞ்சள் ஒளியில் அது தெரியாமலே போகலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போது...

* வாட்ஸோடு லூமன், கெல்வின் எண்களையும் படியுங்கள்.
* நட்சத்திர லேபிள் இருக்கிறதா எனப் பாருங்கள்.
* கடையில் எரியவிட்டு, வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையின் நிறத்தைப் பாருங்கள். வெளிறித் தெரிந்தால் வேறு பல்பு கேளுங்கள்.
* முதலில் ஒன்று மட்டும் வாங்கி, வீட்டில் ஓர் இரவு எரியவிட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் மற்றவற்றை வாங்கலாம்.