முகச் சுருக்கமும் விஷ ஊசியும்

முகத்தில் விழும் சுருக்கங்களை ஊசியால் போக்கலாம் என்னும் செய்தி பட்டணவாசிகளுக்கு இன்று புதிதன்று. மகளின் திருமணத்திற்கு முன் ஒரு தடவை போட்டுக்கொண்டால் என்ன என்று எண்ணும் தாய்மார் உளர், தந்தைமாரும் உளர். தோல் வைத்தியர் செய்யும் இக்காரியத்தைத் தாமும் செய்வதாக விளம்பரம் செய்யும் அழகு நிலையங்களும் உண்டு. ஆனால் அந்தச் சிறு குப்பியில் அடங்கியிருப்பது யாது என்று வினவினால், போட்டுக்கொள்வோருள் பலர் விழிப்பர். மனிதன் இதுவரை அறிந்துள்ள விஷங்களுள் மிகக் கொடியது எதுவோ, அதுவே அக்குப்பியில் இருப்பது. போட்டுலினம் என்பது அதன் பெயர். போடாக்ஸ் என்பது அதைக் கொண்டு செய்யப்படும் மருந்துகளுள் ஒன்றன் வியாபாரப் பெயர்.

இதன் வரலாறு கெட்டுப்போன உணவில் தொடங்குகிறது. நெப்போலியன் காலத்து யுத்தங்களால் வறுமையுற்றிருந்த ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பிரதேசத்தில், இறைச்சியையும் இரத்தத்தையும் குடலில் அடைத்துப் புகையூட்டிய பண்டத்தை உண்டவர் பலர் ஒரு விசித்திர நோய்க்கு ஆளாயினர். வாய் வறண்டது, பார்வை இரட்டித்தது, இமைகள் தாமே சரிந்தன, விழுங்க இயலவில்லை, முடிவில் மூச்சும் நின்றது. அறிவு மட்டும் கலங்காமல் இருந்தது. யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் வைத்தியர் இந்நோயை நுணுகி ஆராய்ந்து 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் எழுதி வெளியிட்டார். இவர் கவிஞருமாவார். கவிஞருக்குரிய துணிச்சலோ என்னவோ, நஞ்சின் சாற்றைத் தமது நாவிலேயே இட்டுப் பரீட்சித்தார்! மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காது துடிக்கும் தசைகளை இது அமைதிப்படுத்தக்கூடும் என்றும் அவர் ஊகித்தார். அந்த ஊகம் பலிப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1895-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் எலெஸெல் என்னும் கிராமத்தில், ஒரு சவ அடக்கத்தில் வாசித்த இசைக்குழுவினர் பன்றித் தொடை இறைச்சி உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர், காற்றுப் படாத இடத்தில் வளரும் ஒரு கிருமியே விஷத்தை உண்டாக்குகிறது என்று நிலைநாட்டினார். லத்தீன் மொழியில் குடலில் அடைத்த இறைச்சிக்குரிய சொல்லே கிருமியின் பெயராயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த விஷத்தைப் போர்க்கருவி என்னும் நோக்கில் ஆராய்ந்தனர். 1946-இல் தூய படிகமாகவும் பிரித்தனர்.

அப்படிகத்தை நன்மைக்குத் திருப்பியவர் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணில், விழியை ஒரு பக்கமாக இழுக்கும் தசையைச் சிறிது தளர்த்தினால், கத்தி வைக்காமலே விழியை நேராக்கலாம் என்று அவர் கருதினார். முதலில் குரங்குகளிலும் பின்னர் மனிதரிலும் சோதித்தார். 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதனை மருந்தாக அந்நாட்டு அரசாங்கம் அங்கீகரித்தது.

அழகுக் கதை இதற்குப் பிறகுதான் வருகிறது. அதுவும் தற்செயலாக! கானடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கேருதர்ஸ் என்னும் கண் வைத்தியர், 1987-ஆம் ஆண்டில் இமைத் துடிப்புள்ள ஒரு பெண்மணிக்கு இந்த ஊசியைப் போட்டு வந்தார். ஒரு முறை புருவங்களுக்கிடையே ஊசி விழவில்லை. அங்கேயும் போட்டால் தமது முகம் கவலை நீங்கித் தெளிவாகத் தோன்றுகிறதே என்று அப்பெண்மணி குறைப்பட்டுக்கொண்டார். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் வைத்தியர். நெற்றிச் சுருக்கத்திற்கு வழி தேடிக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1992-இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். 2002-இல் அமெரிக்க அரசாங்கம் புருவமத்திக் கோடுகளைப் போக்குவதற்கும் அனுமதி தந்தது.

இனி, இவ்விஷம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். மூளை இட்ட கட்டளை நரம்பின் நுனியை எட்டியதும், அங்கிருந்து அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தொட வேண்டும். தொட்டால்தான் தசை சுருங்கும். அப்பொருள் நரம்பு நுனிக்குள் நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கிறது. பை வாய் திறப்பதற்கு ஒரு புரதம் துணை செய்கிறது. விஷம் அப்புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. தபாலைப் பையில் போட்டாயிற்று; பட்டுவாடா மட்டும் நடைபெறவில்லை என்றால் எப்படியோ, அப்படி. தசை கெடுவதில்லை, நரம்பும் சாவதில்லை, சும்மா இருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் பலன் தெரியத் தொடங்கி, இரண்டு வாரத்தில் நிறைவு பெறுகிறது. மூன்று நான்கு மாதத்தில் நரம்பு பழைய நிலைக்கு மீளச் சுருக்கமும் மீள்கிறது. ஆதலால் இது ஒரு முறைச் செலவன்று என்பதை இல்லறத்தார் கவனிக்க வேண்டும்.

எல்லாச் சுருக்கமும் இதற்குக் கட்டுப்படுமா? கட்டுப்படாது. துணியை ஒரே இடத்தில் பன்முறை மடித்தால் தடம் விழுவதுபோல், கோபித்தும் சிரித்தும் வெயிலில் கண்ணை இடுக்கியும் நாம் மடித்த இடங்களில் விழும் கோடுகள் ஒரு வகை. புருவமத்தி, நெற்றி, கண்ணோரம் ஆகியவை இவற்றின் இருப்பிடம். தசையை ஓயச்செய்தால் இவை மங்கும். தோல் மெலிந்தும், உள்ளிருக்கும் கொழுப்பு குறைந்தும், நெடுங்கால வெயிலால் நெகிழ்வு கெட்டும் உண்டாகும் தொய்வு மற்றொரு வகை. இதில் விஷ ஊசியால் பெரும் பயன் இல்லை. மேலும், அளவு மிஞ்சினால் முகம் பாவமற்ற பலகையாகிவிடும். புருவ அசைவிலே பொருளுணர்த்தும் நமது நாட்டியக் கலைஞர்களுக்கு இது வேண்டாத வரமென்றே நாம் கருதுகிறோம்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த மருந்தை எடையால் அளப்பதில்லை. யூனிட் என்னும் அலகால் அளக்கின்றனர். ஒரு கூட்டம் சுண்டெலிகளுக்குச் செலுத்தினால் அவற்றுள் பாதி மடியும் அளவே ஒரு யூனிட் என வகுக்கப்பட்டது. புருவமத்திக்குப் போடாக்ஸில் வழக்கமான அளவு 20 யூனிட்; ஐந்து இடங்களில் நான்கு நான்காகப் போடுவர். 100 யூனிட் கொண்ட குப்பியில் உள்ள விஷத்தின் எடையோ, ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ ஐந்து கூறுதான்! குப்பியின் அடியில் கண்ணுக்குப் புலப்பட்டும் படாததுமான வெண்படிவு இருக்கும். வைத்தியர் அதில் உப்புநீர் கலந்து கரைக்கிறார். எவ்வளவு உப்புநீர் கலந்தார் என்பதைப் பொறுத்தது எல்லாம். ஒரு கம்பெனியின் யூனிட்டும் மற்றொரு கம்பெனியின் யூனிட்டும் சமமல்ல என்பது இன்னொரு சிக்கல்.

இந்தக் கணக்குத் தவறினால் நேர்வதை 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் கண்டனர். ஆராய்ச்சிச் சாலைகளுக்கென விற்கப்பட்ட, மனிதருக்கு அனுமதிக்கப்படாத விஷத்தை வாங்கி ஒருவர் போட, நால்வர் உடல் முழுதும் செயலிழந்து, சுவாச இயந்திரத்தின் துணையால் உயிர் பிழைத்தனர். இறைச்சி உண்ட வூர்ட்டம்பர்க்வாசிகளின் அதே நோய்தான். இம்முறை ஊசி வழியாக வந்தது.

சுருக்கத்தைத் தூர்க்க இன்னொரு ஊசியும் உண்டு. நிரப்பு ஊசி என்போம். இதன் முன்னோடி பரிதாபமானது. 1899-இல் வியன்னா நகரத்து கெர்ஸுனி என்னும் ரண வைத்தியர் வாஸலினை உருக்கித் தோலுக்கடியில் செலுத்தினார். அதையொட்டிப் பாரபின் மெழுகு ஊசி சீமைகளில் நாகரிகமாயிற்று. சில காலம் சென்றதும் மெழுகு கட்டிதட்டிற்று, இடம் பெயர்ந்தது. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், பேரழகி எனப் போற்றப்பட்டவர். மூக்குத்தண்டில் போட்டுக்கொண்ட மெழுகு கீழே இறங்க, முகமே விகாரமுற்றது. இன்றைய நிரப்பு ஊசிகளுள் முக்கியமானது ஹயலூரானிக் அமிலம். இது நம் உடலிலேயே உள்ள பொருள். தவறினால் கரைப்பதற்கும் மருந்து உண்டு. ஆயினும் ஊசிமுனை இரத்தக் குழாயில் புகுந்துவிட்டால், கண்ணுக்குச் செல்லும் நாளம் அடைபட்டுப் பார்வை போவதும் நேர்ந்திருக்கிறது. கன்னத்தையும் மூக்கையும் ஊடறுத்து ஓடும் நாளங்களைச் சவ அறுவையில் கண்டு படித்தவரின் கைக்கும், மூன்று நாள் பயிற்சி பெற்றவரின் கைக்கும் இங்கேதான் வேற்றுமை.

போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தவர் வைத்தியரிடம் சிலவற்றை மறைக்கலாகாது. கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் இதனைத் தள்ளிவைப்பது நலம். தசைச் சோர்வு நோய் உடையவர்க்கு ஆபத்து அதிகம். சிலவகைக் கிருமிக்கொல்லி ஊசிகள் விஷத்தின் வேகத்தைக் கூட்டும். பிரிக்காத குப்பியைத் தம் கண்ணெதிரே திறக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டியதில்லை. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காத்த மருந்தா என்றும் கேட்கலாம். நமது கோடையில் அது சிறு கேள்வியன்று. மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட யூனிட் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்ட இடத்தில் சிறு கன்றலோ தலைவலியோ காண்பது சகஜம். ஓர் இமை சரிந்து சில வாரங்கள் இருப்பதும் உண்டு, தானே சரியாகும். விழுங்குவதில் தடையோ, பேச்சில் குழறலோ, மூச்சில் திணறலோ கண்டால் அது வேறு விஷயம். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்கள் கழித்தும் வரலாம். அப்போது ஊசி போட்ட இடத்திற்குத் திரும்பிச் சென்று விளக்கம் கேட்டுக்கொண்டிராமல், சுவாச இயந்திர வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே செல்ல வேண்டும். அந்தச் சீட்டும் கையோடு இருக்க வேண்டும்.