இரவல் இலக்கமும் இரகசியக் குறியெண்ணும்

காளிதாசனது சாகுந்தலத்திலே, துஷ்யந்தன் தன் பெயர் பொறித்த கணையாழியைச் சகுந்தலைக்கு அளித்து நகர் மீள்கின்றான். பின்னர் அவனை நாடிச் செல்லும் வழியில், நீர்த்துறையொன்றில், அம்மோதிரம் அவளறியாமலே நழுவி வீழ்கின்றது. அரசவையில் வந்து நின்றவள் அவளே. எனினும் காட்டுதற்கு மோதிரமின்மையால் யாரோ ஒருத்தியாகக் கருதப்பட்டாள். அதே மோதிரம் மீனொன்றின் வயிற்றிலிருந்து வலைஞன் ஒருவன் கையை அடைந்தபோதோ, காவலர் அவனைக் கள்வனெனப் பற்றினர். உரியவளிடம் அடையாளம் இல்லை. அடையாளத்தை வைத்திருந்தவன் உரியவனல்லன். இக்காலத்தில் அம்மோதிரத்தின் இடத்திலே தொலைபேசி இலக்கம் வந்து அமர்ந்திருக்கின்றது.

இணையத்திற் கணக்கொன்றைத் தொடங்குவோரிடம் பல நிறுவனங்கள் முதலிற் கேட்பது பெயரையன்று, தொலைபேசி இலக்கத்தையே. அதனைக் கொடுத்ததும், பெரும்பாலும் ஆறு எண்களாலாய குறியெண் ஒன்று குறுஞ்செய்தியாக வருகின்றது. சில நிமிடங்களுள் அதனைத் திரையில் இட்டாற் கணக்குத் திறக்கும். பொதுவழக்கில் இதனை ஓ.ரி.பி. என்பர். இதனால் நிறுவப்படுவது யாது? செய்தியைப் பெற்றவரும் திரையின் முன் இருப்பவரும் ஒருவரே, அன்றேல் ஒருவருக்கொருவர் உடன்பட்டவர், என்பது மட்டுமே. அவர் இன்னார் என்பதோ, நாளையும் அவ்விலக்கம் அவரிடமே இருக்கும் என்பதோ நிறுவப்படுவதில்லை. இலக்கத்தையே ஆளாகக் கொள்ளும் இம்மயக்கத்தினின்றே மெய்நிகர்த் தொலைபேசி இலக்கங்களின் பயனும் பழியும் தோன்றின.

குறுஞ்செய்தி இப்பணிக்கெனப் பிறந்ததுமன்று. 1985 அளவில் ஜேர்மனியரான பிறீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்பார் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் போதுமெனக் கணித்தார். 1992 டிசெம்பர் 3 ஆம் நாள் இங்கிலாந்திலே முதற் குறுஞ்செய்தி நத்தார் வாழ்த்தாகச் சென்றது. அந்த 160 இடமும் உரோம எழுத்துக்கு உரியது. தமிழில் எழுதினால் 70 இடமே கிடைக்கும். 'சரிபார்ப்பு' என்னும் ஆறெழுத்துச் சொல், புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி எண்ணப்படுதலால், அவற்றுட் பதினோரிடத்தை விழுங்கிவிடும். வாழ்த்து மடலுக்கு உறை வேண்டுவதில்லை. வங்கிக் கணக்கின் திறவுகோலை உறையில்லாத அஞ்சலட்டையில் யாரும் எழுதி அனுப்பார். ஆயின் குறியெண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புதல் அதனையொத்த செயலே. தொலைபேசி நிறுவனங்கள் தம்முட் பரிமாறிக்கொள்ளும் குறிகை முறை, வலையமைப்பினுள் இருப்போர் யாவரும் நம்பத்தக்கோர் என்ற எண்ணத்தின்மீது 1970 களில் எழுப்பப்பட்டது. 2017 ஜனவரியில் ஜேர்மனியிலே, வங்கிக் கடவுச்சொற்களை முன்னரே களவாடியிருந்தோர் இக்குறிகை முறையின் பலவீனத்தினாற் பிறருக்குரிய குறியெண்களைத் தம்பக்கம் திருப்பிப் பணத்தை எடுத்தனர்.

இனி, மெய்நிகர் இலக்கம் என்பது யாதெனின், சிம் அட்டையோடும் கம்பியோடும் பிணைக்கப்படாது, நிறுவனமொன்றின் கணினியில் மட்டும் வாழும் தொலைபேசி இலக்கம் ஆகும். அதற்கு வரும் அழைப்பும் செய்தியும் இணையத்தின் வழியே வாடகையாளருக்குச் சேர்ப்பிக்கப்படும். மெய்நிகர் என்பது பொய்யென்னும் பொருட்டன்று. அழைத்தால் மணி ஒலிக்கவே செய்யும். இவ்வகையில் யாவரும் அறிந்தது 2009 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தொடங்கிய கூகிள் வொய்ஸ் என்பது. அதில் ஓர் இலக்கம் ஒருவருக்கே ஒதுக்கப்படும். வேறு சில இணையப் பக்கங்களில் இலக்கங்கள் பொதுக் கிணறு போல் திறந்து கிடக்கும்; அவற்றுக்கு வரும் செய்தியை உலகில் எவரும் வாசிக்கலாம். இன்னொரு வகையினர் ஓர் இலக்கத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டும், ஒரேயொரு குறியெண்ணைப் பெறுதற்காக, சில சதங்களுக்கு விற்பர். இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதனாலேயே இப்பொருள் பற்றிய பேச்சிற் குழப்பம் மிகுகின்றது.

இவற்றை நாடுவோர் எல்லாரும் கள்வரல்லர். தொலைபேசி இலக்கம் ஒருவரை ஆண்டாண்டாகத் தொடர்ந்து செல்வது. கடைக்காரனிடமும் விளம்பரக்காரனிடமும் அதனைக் கொடுத்தவர், பின்பு தம் வாழ்க்கையின் பல துண்டுகளை அவ்வொரு நூலிற் கோத்துக் கொடுத்தவராவர். பழைய தளபாடம் விற்க விளம்பரமிடும் பெண்ணொருத்தி, தன் சொந்த இலக்கம் அந்நியர் கையிற் போகலாகாதென எண்ணுதல் இயல்பே. நிறுவனங்கள் இலக்கத்தைக் காப்புக்கென வாங்கிக் காப்புக்கு மட்டுமே பயன்படுத்தின என்று சொல்வதற்கும் இல்லை. கணக்கின் பாதுகாப்புக்கெனக் கூறிப் பெற்ற தொலைபேசி இலக்கங்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திய குற்றத்துக்காக, ருவிற்றர் நிறுவனம் 2022 மே மாதத்தில் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. ஆதலின் இரவல் இலக்கம் தேடுவோரின் ஐயத்துக்கு ஆதாரம் உண்டு. அவ்வையத்துக்கு அவர் தேடும் மருந்துதான் ஆராய்தற்குரியது.

பொதுக் கிணற்றை முதலில் நோக்குக. அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய பொது இலக்கங்களுக்கு 14 மாதங்களில் வந்த ஏறக்குறைய 4 இலட்சம் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, 2016 இல் முடிவுகளை வெளியிட்டனர். கணக்குத் திறக்கும் குறியெண்களும், கடவுச்சொல்லை மாற்றும் குறியெண்களும், மக்களின் தனிப்பட்ட விவரங்களும் அங்கே வெயிலிற் காய்ந்துகொண்டிருந்தன. ஆய்வாளர் எதையும் உடைத்துப் புகவில்லை, திறந்திருந்ததை வாசித்தனர். அவர் வாசித்ததைக் கள்வரும் வாசிக்கலாம்.

வாடகைக்குப் பெற்ற தனி இலக்கம் இதனினும் மேலானது. எனினும் வாடகை நிற்கும் நாள் ஒன்று உண்டு. அந்நாளுக்குப் பின் அது வேறொருவருக்குப் போகும். சொந்த சிம் அட்டையின் இலக்கமும் இவ்விதிக்கு விலக்கன்று. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2021 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் இரு பெரும் தொலைபேசி நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளருக்கு வழங்க வைத்திருந்த 259 இலக்கங்களை எடுத்துப் பார்த்தனர். அவற்றுள் 171 இலக்கங்கள் முன்னர் அவற்றை வைத்திருந்தோரின் இணையக் கணக்குகளோடு இன்னும் பிணைந்திருந்தன. புதிதாக இலக்கம் வாங்குபவர் 'கடவுச்சொல்லை மறந்தேன்' என்னும் இடத்தைத் தொட்டால், பழையவருக்குரிய குறியெண் புதியவர் கையில் வந்து விழும். மீனின் வயிற்றில் மோதிரம் கிடந்தது ஒருமுறை. இங்கே அது நாள்தோறும் நிகழத்தக்கது. சிம் அட்டைக்கே இந்நிலையாயின், சில வாரங்களுக்கு மட்டும் வாடகைக்கெடுத்த இலக்கத்தில் வட்ஸ்அப் கணக்கையோ மின்னஞ்சலையோ கட்டி வைத்தவரின் நிலை சொல்லவேண்டுவதில்லை. அடுத்த வாடகையாளர் தம் புதிய இலக்கத்தைப் பதிவு செய்யும்போதே, முன்னவர் தம் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்படுவார். யாரும் களவு செய்யாமலே களவு நிகழ்ந்துவிடும்.

சில நிமிட இலக்கங்களின் கதை இருண்டது. இவற்றைப் பெரும்பாலோர் கணினியிற் பிறந்த எண்கள் என்றே நினைக்கின்றனர். முன்னாளில் அவ்வாறே இருந்திருக்கலாம். ஆயின் ஓர் இலக்கம் கையடக்கத் தொலைபேசிக்குரியதா, கம்பித் தொலைபேசிக்குரியதா, இணையவழிப்பட்டதா என்பதைக் கணமொன்றில் விசாரித்தறியும் வசதி நிறுவனங்களுக்கு உண்டு. இணையவழி இலக்கமெனிற் பல நிறுவனங்கள் அதனை ஏற்பதில்லை. அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அடையாள விதிகளும், குறிப்பிட்ட ஒரு கருவி கைவசம் உள்ளதென நிறுவ இயலாத இணையவழித் தொலைபேசியை இப்பணிக்குப் பயன்படுத்தலாகாது என விலக்கின. ஆகவே வியாபாரிகள் மெய்யான சிம் அட்டைகளுக்குத் தாவினர்.

அவ்வியாபாரத்தின் பருமை 2025 ஒக்ரோபர் 10 ஆம் நாள் லற்வியா நாட்டில் வெளிப்பட்டது. ஐரோப்பியப் பொலிசார் அங்கே நடத்திய சோதனையில், பல சிம் அட்டைகளை ஒருங்கே இயக்கும் பெட்டிகள் 1,200 உம், உயிருள்ள சிம் அட்டைகள் 40,000 உம் கைப்பற்றப்பட்டன. 80 இற்கு மேற்பட்ட நாடுகளின் இலக்கங்கள் அங்கிருந்து வாடகைக்குப் போயின. அவற்றைக் கொண்டு 4 கோடி 90 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் உண்டாக்கப்பட்டன எனப் பொலிசார் கூறினர். ஒஸ்திரியா நாட்டவர் மட்டும் இதனோடு தொடர்புற்ற மோசடிகளில் ஏறத்தாழ 45 இலட்சம் யூரோ இழந்தனர். தனக்கு வரும் விளம்பரத் தொல்லையைத் தவிர்க்கச் சில சதங்கொடுத்து இலக்கம் வாங்குபவரும், முதியோரை ஏமாற்றப் போலிக் கணக்குத் திறப்பவரும் இத்தகைய ஒரே கடையில் அருகருகே நின்று வாங்கக்கூடும்.

இதனினும் கொடியதொன்று உண்டு. 2022 பெப்ரவரியில் ரெண்ட் மைக்ரோ என்னும் கணினிக் காப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று, இவ்வாறு விற்கப்பட்ட இலக்கங்களிற் சில, விற்பவருக்கே உரியனவல்ல எனக் காட்டியது. அவை தீய நிரல் புகுந்த அன்றொயிட் தொலைபேசிகளின் இலக்கங்கள். தொலைபேசியின் சொந்தக்காரர் ஏதுமறியார். அவர் கருவிக்குள் வரும் குறியெண்ணை அந்நிரல் களவாக வாசித்து வாங்கியவருக்கு அனுப்பும். அக்கணக்கினாற் குற்றமொன்று நிகழின், விசாரணையின் முதலடி அந்த அப்பாவியின் வாசலை நோக்கியே செல்லும். சாகுந்தலத்து வலைஞனாவது மோதிரம் தன் கையில் இருப்பதை அறிந்திருந்தான்.

இலக்கத்தின் விலையும் கவனித்தற்குரியது. 2025 டிசெம்பரில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு போலிக் கணக்கைச் சரிபார்க்கும் சராசரிச் செலவு பிரித்தானிய இலக்கத்துக்கு ஏறக்குறைய 10 அமெரிக்க சதம். யப்பானிய இலக்கத்துக்கோ ஐந்து டொலரை நெருங்கும். சிம் அட்டை வாங்குவோரை யப்பான் கண்டிப்பாக விசாரித்தல் இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது.

மெய்நிகர் இலக்கம் வேண்டாதவரும் அதன் வலையில் வீழ்வதுண்டு. அமெரிக்காவிலே பொருள் விற்க விளம்பரமிட்டவரிடம், வாங்குபவர் போல் ஒருவர் பேசி, 'நீர் உண்மையானவர்தாமா என்று அறிய ஒரு குறியெண் அனுப்பியுள்ளேன். அதனைச் சொல்லும்' என்பார். விற்பவர் சொல்லிவிடுவார். உண்மையில் அக்குறியெண் கூகிள் வொய்ஸ் இலக்கமொன்றை விற்பவரின் தொலைபேசியோடு இணைத்துத் திறப்பதற்குரியது. அதன்பின் மோசக்காரர் அவ்விலக்கத்தின் மறைவில் நின்று பிறரை ஏமாற்றுவர். அமெரிக்க வணிக ஆணையம் 2021 இல் இதுபற்றி மக்களை எச்சரித்தது.

ஆகவே, இரவல் இலக்கம் எங்கே தகும், எங்கே தகாது என்பதை அளக்கும் கோல், கணக்குப் பெரிதா சிறிதா என்பதன்று. அக்கணக்கு நாளை வேறொருவர் கையிற் போனால் இழப்பு யாருக்கு என்பதே. ஒருமுறை கழிவுவிலை பெறுதற்கான கடைக் கணக்கு போனாற் போகட்டும். தனக்கே ஒதுக்கப்பட்ட வாடகை இலக்கத்தை விளம்பரத்திற் கொடுத்தலும் குற்றமன்று. வங்கி, மின்னஞ்சல், வட்ஸ்அப், அரசாங்கச் சேவை ஆகியவற்றுக்கு அது ஒருபோதும் ஆகாது. மின்னஞ்சலைச் சிறப்பாகச் சொல்லவேண்டும். ஏனைய கணக்குகளின் கடவுச்சொற்களெல்லாம் அதன்வழியே மீட்கப்படுவன.

இலக்கத்தின் துணையே வேண்டாத வழிகளும் உள்ளன. 2011 இல் வகுக்கப்பட்ட முறையொன்றின்படி, தொலைபேசியிலுள்ள செயலி, முன்பே பகிர்ந்துகொண்ட இரகசியத்தையும் கடிகாரத்தையும் கொண்டு, பொதுவாக 30 விநாடிக்கு ஒரு புதுக் குறியெண்ணைத் தானே கணிக்கும். வலையமைப்பின் வழியாக எதுவும் வருவதில்லை. ஆதலின் இடையில் திருப்புதற்கும் எதுவுமில்லை. போலிப் பக்கத்தில் ஏமாந்து இடும் தவறு மட்டும் எஞ்சும். அதனையும் அடைப்பதற்கு வந்தவை பாஸ்கீ எனப்படும் திறவுகோல்கள். அவை உரிய இணையப் பக்கத்துக்கன்றி வேறெதற்கும் விடையிறா.

இலங்கையிலிருந்து வெளிநாடு செல்வோர் இவ்விடயத்தில் தனிக் கவனம் கொள்ளல் வேண்டும். ஊரிலுள்ள வங்கிக் கணக்கு இருக்கும். அதற்குக் குறியெண் வரும் சிம் அட்டையோ மேசை இழுப்பறையிற் பணமேற்றப்படாது கிடந்து செயலிழக்கும். புறப்படுமுன் அவ்விலக்கம் எவ்வெக் கணக்குகளிற் பதிந்துள்ளதென ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. மாற்ற இயலாத வங்கிக் கணக்குக்காக அச்சிம் அட்டையைத் தொடர்ந்து உயிருடன் வைத்திருத்தல் வேண்டும். செயலிகள் தரும் மீட்புக் குறியெண்களைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைப்பதும் நன்று. தொலைபேசி தொலைந்தாலும் அத்தாள் இருக்கும்.