முதல் பால் கன்றுக்குத்தான்

காலை நிகழ்ச்சியில் ஒரு சின்னப் புதிர் போட்டேன். "தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் பெயருக்கு மலாய் மொழியில் 'எருமைத் தொழுவம்' என்று பொருள். எந்த மருத்துவமனை?" நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். கடைசியாக அழைத்த பெரியவர் மட்டும் விடையைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கவில்லை.

"நீங்க எங்கம்மா பொறந்தீங்க?"

"அங்கேதான் ஐயா."

"நானும் அங்கேதான். அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழுவத்துக் கன்னுங்க!"

சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டைப் போட்டேன். ஆனால், அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல. கண்டாங் கெர்பாவ் என்ற பெயரின் சுருக்கம்தான் கேகே. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை என்பதால் 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரம் முழுக்க மாட்டு வணிகம் நடந்தது. பஃப்ளோ சாலை, கெர்பாவ் சாலை இரண்டுமே எருமையின் பெயரைத் தாங்கியவை. பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரு மாட்டு வணிகர்தான். பின்னர் சதுப்பு நிலம் தூர்ந்தது, நகராட்சி விதிகள் இறுகின, மாடுகள் வெளியேறின.

பெயர் மட்டும் மருத்துவமனையோடு ஒட்டிக்கொண்டது. 1858இல் பொது மருத்துவமனையாகத் தொடங்கிய அந்த இடம் 1924 அக்டோபர் 1 முதல் மகப்பேற்று மருத்துவமனையானது. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனையானது. நாளுக்குச் சராசரியாக 109 குழந்தைகள்! 1988இல் நான் பிறந்த ஹேம்ப்ஷியர் சாலைப் பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. மருத்துவமனை 1997இல் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது.

வீவக வீட்டில் வளர்ந்த எனக்குப் பசு என்றால் கோலத்திலும் பால் பொட்டலத்திலும் இருப்பது. ஈன்ற பசு எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தது என் பத்தாவது வயதில், டிசம்பர் விடுமுறைக்கு மன்னார்குடிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனபோது.

பாட்டியின் லட்சுமி பரம சாது. என் கையிலிருந்தே வாழைப்பழத் தோலை வாங்கித் தின்னும். ஒருநாள் விடியற்காலை "கன்னு போட்டாச்சு" என்ற குரல் கேட்டு எழுந்து ஓடினேன். ஈரமாக, நடுங்கிக்கொண்டு, கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு செவலைக் கன்று. தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். லட்சுமி தலையைத் தாழ்த்தி, மூச்சைச் சீறிக்கொண்டு என் பக்கம் பாய்ந்தது. கயிறு மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னிக்கு அவ யாரையும் நம்ப மாட்டாடி. தள்ளி நில்லு."

தள்ளி நின்று பார்த்தேன். லட்சுமி கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. நடுநடுவே வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் ஒரு முனகல். அது வேறு நேரத்தில் நான் கேட்டிராத சத்தம். அந்த நக்கல் வெறும் கொஞ்சல் இல்லை என்பது பின்னாளில்தான் புரிந்தது. கன்றின் உடம்பு காய்வதும், மூச்சும் ரத்த ஓட்டமும் சுறுசுறுப்பாவதும் அதனால்தான். கன்றின் வாசனையும் தாய்க்கு அப்போதுதான் மனத்தில் பதிகிறது. அந்த நேரத்தில் கூட்டம் கூடினால், நாய் குரைத்தால், கன்றைத் தூக்கிக்கொண்டு போனால் பசு மிரளும். முதல் ஈற்றுப் பசு என்றால் கன்றையே உதைத்துத் தள்ளவும் கூடும்.

பாட்டி வெதுவெதுப்பான தண்ணீரைப் பெரிய அண்டா நிறைய வைத்தார். பசு மூச்சுவிடாமல் குடித்தது. கன்று தட்டுத்தடுமாறி எழுந்ததும் அவரே அதன் வாயை மடியில் சேர்த்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று, "நஞ்சு விழறதுக்கு முன்னாடியே ஊட்ட விடுறீங்களே?" என்றார். பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் கொடுக்கவேண்டும் என்பது பல ஊர்களில் இன்றும் உள்ள நம்பிக்கை. பாட்டியும் ஒரு காலத்தில் அதை நம்பியவர்தான். அப்படிக் காத்திருந்த ஒரு கன்று கழிச்சல் கண்டு நான்காம் நாள் செத்துப்போனதாம். அதை அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏதோ நேற்று நடந்ததுபோல.

அறிவியல் பாட்டியின் பக்கம். மனிதத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று அநேகமாக வெறுங்கையோடுதான் உலகத்துக்கு வருகிறது. அதற்கான பாதுகாப்பு முழுக்கச் சீம்பாலில் இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஒரு நாளைக்குள் அது மூடிக்கொள்ளும். 30 கிலோ கன்று என்றால் அந்த முதல் மணி நேரங்களுக்குள் ஏறத்தாழ 3 லிட்டர் சீம்பால் உள்ளே போகவேண்டும். இதில் இன்னொன்று, கன்று முட்டி முட்டிக் குடிப்பதால் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கி, நஞ்சுக்கொடி விழவும் உதவுகிறது. ஊர் வழக்கம் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது.

நஞ்சுக்கொடி பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். ஒரு நாள் தாண்டினால் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டுமே தவிர, கையால் இழுக்கக்கூடாது. ஈன்ற இரண்டு மூன்று நாள்களுக்குள் பசு எழ முடியாமல், கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்து, காது சில்லென்று இருந்தால் அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடு குறைந்திருக்கும். சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் சட்டென்று குறைவதே காரணம். மருத்துவர் நேரத்தோடு கால்சியம் ஏற்றினால் சாகக் கிடந்த மாடு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்துத் தருவாரே பாட்டி, அதன் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. ஆனால், கன்று குடித்து முடித்து மிச்சமிருந்தால்தான் எங்களுக்கு.

இதெல்லாம் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது 2021இல், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் என் மகள் பிறந்தபோது. உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், மஞ்சளாக வரும் முதல் பாலைப் பீய்ச்சிவிடவேண்டும், அதுவரை தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தொட்டு வைக்கலாம் என்றார். சேனை வைப்பது அவர்கள் வழக்கம். அன்பில் சொன்னதுதான். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

வாட்ஸ்அப் காணொளியில் பாட்டி வந்தார். "ஏண்டி, கன்னுக்குட்டியையே காக்க வைக்க மாட்டேன். உன் புள்ளைய மட்டும் காக்க வைப்பியா? மொதல்ல பாலக் குடு." பெரியம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவுக்குப் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், அவசியம். ஆனால் தாயும் கன்றும் ஒன்றாக நின்றால், நடுவே புகுந்து படம் எடுக்காதீர்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள், அது உங்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் மெதுவாகப் போங்கள். பசு தலையைத் தாழ்த்தினாலோ, மூச்சைச் சீறினாலோ, காலால் தரையைக் கீறினாலோ அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பராமரிப்பவரிடம் கேட்காமல் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

போன பொங்கலுக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கமே என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு, வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பண்ணை அண்ணனிடம் கேட்டாள்: "கன்னுக்குட்டி பால் குடிச்சிடுச்சா?"

"காலையிலயே வயிறு முட்டக் குடிச்சிருச்சு பாப்பா," என்றார் அவர்.