பேங்க்ல பிடிச்ச இன்சூரன்ஸ் போதுமா?



வாலாஜாபாத் பக்கம் குழுக் கடனில் செல்போன் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரிடம், "கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டோம். "லோன் போடும்போதே பேங்க்ல பிடிச்சிட்டாங்க மேடம்" என்றார். பாலிசியை வாங்கிப் படித்தோம். முதலில் வாங்கிப் போட்ட 2 லட்சம் ரூபாய் சரக்குக்குத்தான் காப்பீடு. இப்போது கடையில் 4 லட்சத்துக்குச் சரக்கு. முகவரியும் பழைய கடை முகவரி!

"1 லட்சம் சரக்கு நனைஞ்சா 1 லட்சம் வந்துடும்ல?" என்று கேட்டார். வராது. பாதிச் சரக்குக்கே காப்பீடு செய்திருப்பதால் நஷ்டத்திலும் பாதி, அதாவது 50 ஆயிரம்தான் என்று கணக்குப் போடுவார்கள். முகவரி தவறாக இருந்தால் அதுவும் சந்தேகமே. சரக்கு கூடும்போதும் கடை மாறும்போதும் எழுதிக் கொடுத்து பாலிசியில் திருத்த வேண்டும்.

2015 டிசம்பர் மழையையும், 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. நனைந்த புடவையைக் காயவைத்துத் தள்ளுபடியிலாவது விற்கலாம். தண்ணீர் புகுந்த டிவியை யார் வாங்குவார்கள்?

சிறு தொழில்களுக்கென்றே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் உள்ளது. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலுக்கு எடுக்கலாம். தீ, வெள்ளம், புயல் இதில் அடங்கும். 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தால் பிடித்தம் கிடையாது. ஆனால் பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகக் காப்பீடு வேண்டும். கூட்டத்தில் ஒரு போனை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டால் அதிலும் கிடைக்காது. கரண்ட் ஏறி இறங்கி ஒரு டிவி மட்டும் கெட்டுப்போனால் தீக் காப்பீட்டில் பணம் வராது. அந்தத் தீ பரவி மற்ற சரக்கு எரிந்தால் எரிந்ததற்கு வரும்.

இன்னொன்று, நாமே முதலில் யோசிக்காதது. ஒரகடம் கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் போன்கள் நம் சரக்கு இல்லை. "பிறர் பொருளும் கடையில் உண்டு" என்று பாலிசியில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பெண்களுக்கு நாம்தான் கைக்காசு போட்டுப் பதில் சொல்லணும்.

நஷ்டம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த பொருளைத் தூக்கிப் போடாதீர்கள். அவருக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. கொள்முதல் பில், சரக்கு நோட்டு, போன்களின் ஐஎம்இஐ நம்பர் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டிலும் ஒரு நகல் வையுங்கள். கடையோடு நோட்டும் நனைந்தால் எதைக் காட்டுவது?

கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். போனில் புகார் செய்ய 155255.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தோடு பாலிசியையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.