மீனுக்குத் தடிமன்

மழை விட்ட ஒரு பின்னேரம். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு வயதுக்காரன் கேட்டான்: “ஏன்பா மீன் பாடுதில்ல?”

“மாரிதானே மகன். தண்ணி கலங்கிக் கிடக்கு.”

“இல்ல. மீனுக்குத் தடிமன். அம்மம்மாட்டச் சொல்லிக் கொத்தமல்லி அவிச்சுக் குடுப்பம்.”

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அப்பா சொன்னதில் பிழை இல்லை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற அந்த ஒலி, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான அமைதியான நிலவு இரவுகளில்தான் கேட்கும் என்பார்கள். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் அதைப் பதிந்தார். 1954இல் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். மாரி பிறந்தால் ஆறுகளும் ஓடைகளும் சேற்று நீரைக் கொண்டுவந்து கொட்டும். காற்றும் மழையும் ஓயாமல் இரையும்போது தோணியிலிருந்து நீரில் இறக்கிய துடுப்பில் காதை வைத்தாலும் ஒன்றும் பிடிபடாது.

மகன் சொன்னது பிழை. ஆனாலும் அந்தப் பிழைக்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது பாருங்கள். தடிமன் பிடித்தால் குரல் கட்டும், குரல் கட்டினால் பாட வராது, கொத்தமல்லி குடித்தால் சுகம் வரும், அதை அவிப்பவர் அம்மம்மா. தன் வீட்டில் கற்ற நாலு விடயங்களையும் கோத்து மீனின் தலையில் கட்டிவிட்டான். சிறுபிள்ளையின் நகைச்சுவையை ஆராய்கிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது அந்த ஓரக்கண் பார்வை.

பிழையா, பகிடியா?

இந்த வயதுப் பிள்ளைகள் உயிரற்றவற்றுக்கும் எண்ணமும் நோக்கமும் இருப்பதாகப் பேசுவார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே எழுதினார். சூரியன் நித்திரைக்குப் போகிறது, மேகம் அழுகிறது என்பதெல்லாம் இந்த வகை. அப்படியானால் மீனுக்குத் தடிமன் என்பதைப் பிள்ளை நம்பித்தான் சொன்னானா, தெரிந்துகொண்டே புளுகினானா? நம்பியிருந்தால் அது பிழை. தெரிந்து சொன்னால் பகிடி. வெளியே கேட்கும் வசனம் இரண்டிலும் ஒன்றுதான்.

வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. பிறருடைய நோக்கத்தைச் சின்னஞ்சிறுசுகளும் பிரித்தறியும் என்பதை எலெனா ஹொய்க்கா, மெரிடித் கட்டிஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். குழந்தைகளின் முன் ஒருவர் ஒரு காரியத்தைத் தாறுமாறாகச் செய்வார். செய்துவிட்டுச் சிரித்தால், பிள்ளைகள் அதே தாறுமாறைத் தாங்களும் செய்தார்கள். “ஐயையோ” என்பதுபோலச் சத்தமிட்டால், அதைத் திருத்திச் சரியாகச் செய்தார்கள். இந்த ஆய்வில் பங்குபற்றியவர்களில் மூத்த பிள்ளைக்கே வயது மூன்றுதான். கால்சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு விறாந்தையில் ஓடுகிற பிள்ளைக்கு, கால்சட்டை போடும் இடம் நன்றாகத் தெரியும். தெரியாதவனுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நூற்றுப் பத்தாம் நாள்

சிரிப்பு பேச்சுக்கு முந்தியது. சார்ள்ஸ் டார்வின் தன் மூத்த மகன் வில்லியத்தைப் பிறந்த நாள் தொட்டுக் கவனித்துக் குறித்துவைத்தார். பிறந்த 110ஆம் நாள், முகத்தில் ஒரு துணியைப் போட்டுச் சட்டென எடுத்தபோது குழந்தை பெரிதும் மகிழ்ந்தது என்கிறது அவர் 1877இல் வெளியிட்ட கட்டுரை. நம் வீடுகளில் துவாயால் முகத்தை மூடிக் காட்டுகிற அதே விளையாட்டுத்தான்.

அடுத்த கட்டத்தில் குழந்தை தானே கோமாளியாகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் வசுதேவி ரெட்டி, முதலாவது பிறந்தநாளைக் காணாத குழந்தைகளே பொருளை நீட்டி, வாங்கக் கை வரும்போது பின்னுக்கு இழுத்து ஏய்ப்பதை ஆராய்ந்தவர். ஒரு முகக்கோணலுக்கு வீட்டார் சிரித்துவிட்டால், அதையே திரும்பத் திரும்பச் செய்வதும் இந்த வயதில் தொடங்குகிறது.

2022இல் ஹொய்க்கா குழுவினர் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நாலு வயதுக்குட்பட்ட 671 பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டு ஒரு பட்டியல் செய்தார்கள். நகைச்சுவையில் 21 வகைகளைப் பிரித்தார்கள். அவர்கள் கணக்கில் பாதிக் குழந்தைகள் 2 மாதத்துக்குள் வேடிக்கையை இரசிக்கத் தொடங்குகின்றன. 11 மாதத்துக்குள் பாதிக் குழந்தைகள் தாமே வேடிக்கை காட்டுகின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெற்றோர் சொன்னதை வைத்துச் செய்த கணக்கு இது. நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுக்கத் தேவையில்லை. ஆயினும் வேடிக்கை படிப்படியாக வளர்கிறது என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரிந்ததே.

இல்லாத புகை

மாரியில் வேறொரு வேடிக்கையும் உண்டு. தொலைக்காட்சிக் கார்ட்டூனில் பனிநாட்டுக் கரடி வாயால் புகை விடுவதைப் பார்த்த பிள்ளை, விடியற்காலையில் முற்றத்தில் நின்று “ஹா… ஹா…” என்று ஊதிப் பார்க்கும். எதுவும் வராது. மூச்சுக்காற்று சூடும் ஈரமும் கொண்டது. கடுங்குளிரில் வெளியே வந்ததும் அதிலுள்ள நீராவி திடீரெனக் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. அதுதான் கண்ணுக்குப் புகையாகத் தெரிகிறது. மட்டக்களப்பின் மார்கழி இரவிலும் வெப்பநிலை 23 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். அந்தளவு குளிர்ச்சி இதற்குப் போதாது. சில ஜனவரிகளில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாவில் அதே பிள்ளை ஊதினால் தாராளமாகப் புகை வரும்.

புகை வராத அந்த 23 பாகையிலும், மழையில் நனைந்த பிள்ளை நடுங்குவது ஏன்? நடிப்பும் கொஞ்சம் உண்டு, உண்மையும் உண்டு. உடல் சிறுக்கச் சிறுக்க எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடும். ஆகவே சிறுபிள்ளை பெரியவரைவிட விரைவாகச் சூட்டை இழக்கும். மழையில் நனைந்து நின்றால், ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் உடலிலிருந்து ஏறக்குறைய 2,400 யூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். மழையில் ஆடவிட்டாலும் தலையை உடனே துவட்டு என்று அம்மம்மா கத்துவதில் நியாயம் இருக்கிறது.

சிரிக்க ஆள் வேண்டும்

2018இல் காஸ்பர் ஆடிமன் என்ற ஆய்வாளர் குழுவினருடன் சேர்ந்து, மூன்று வயதை ஒட்டிய 20 பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்டினார். தனியே பார்த்தபோது சிரித்ததைவிட, துணையோடு பார்த்தபோது எட்டு மடங்கு சிரித்தார்கள். பக்கத்தில் ஒரேயொரு பிள்ளை இருந்தாலே போதுமாயிருந்தது. சிரிப்பு ஒரு செய்தி. வாங்க ஆள் இருந்தால்தான் அது புறப்படுகிறது.

அந்தக் கணக்கில் மட்டக்களப்புப் பிள்ளை கொடுத்துவைத்தது. இந்தப் பக்கத்தில் மணமான மகள் தாய் வீட்டிலோ அதே வளவிலோ குடியிருப்பது தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நெடுநாளைய வழக்கம். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே பிள்ளையைச் சுற்றி அம்மம்மா, பெரியம்மா, சித்தி, அவர்களின் பிள்ளைகள் என்று ஒரு சபையே இருக்கும். டிசெம்பரில் பள்ளி விடுமுறை. வெளியே மழை. கொடியில் சீலை காயாமல் உள்ளுக்கும் கயிறு கட்டியிருக்கும். சபை கலையவே கலையாது.

இதே மண்ணில் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அரிதாகிப்போன காலமும் இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் கதை சொன்னார்கள், வேடம் கட்டினார்கள், களிமண் பிசைந்தார்கள். பிள்ளை விளையாட்டைச் சில்லறைக் காரியமாக எண்ணாத ஊர் இது.

வீட்டார் செய்யக்கூடியது

முதலில் கண்ணைக் கவனியுங்கள். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தால் அது பகிடி, சிரித்துவிடுங்கள். பார்க்காமல் நம்பிச் சொன்னால் சிரிக்காதீர்கள். “அப்படி ஏன் நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். நம்பிச் சொன்னதற்குச் சபையே சிரித்தால் பிள்ளை அடுத்தமுறை வாயை மூடிக்கொள்ளும். பகிடிக்குப் பாடம் நடத்தினாலும் அதே கதிதான்.

பிறகு நொடி போடுங்கள். பிள்ளை நகைச்சுவையின் வளர்ச்சியை 1979இல் நூலாக்கிய போல் மக்கீ, ஒரு சொல்லுக்கு இரு பொருள் கொண்டு விளையாடும் புதிர்கள் ஆறு, ஏழு வயதளவில்தான் பிள்ளைக்குப் பிடிபடும் என்றார். அதற்கு முந்திய வயதில் நொடியின் உருவம் மட்டும் தெரியும். “கறுப்பா இருக்கும், பறக்கும், அது என்ன?” என்று கேட்கும். காகம் என்று நீங்கள் சொன்னால், இல்லை, பறக்கிற அடுப்பு என்று தானே விடையும் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த அடுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். சரியான விடைக்கு வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று மாரி போகவேண்டும்.